மானியைப் பார்த்துவிட்டு மெயின் சுவிட்சில் கைவைத்த கதை

முல்லைத்தீவிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்த அந்த அம்மா ஒன்பது மணிக்கே எங்கள் அலுவலக வாங்கில் வந்து உட்கார்ந்துவிட்டார். மகன் காணாமல் ஆக்கப்பட்டது பற்றி 2010 இல் ஆணைக்குழு ஒன்றுக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி அவருக்குத் தேவைப்பட்டது. மறுநாள் ஒரு விசாரணைக்குப் போகவேண்டும். கையிலிருந்த பிரதி வெள்ளத்தோடு போய்விட்டது. எங்களிடம் ஸ்கான் செய்த பிரதி இருந்தது. பெயரையும் ஊரையும் தட்டினால் ஒரு நிமிடத்துக்குள் திரையில் வந்துவிடும்.

அன்று வரவில்லை. தேடல் மூன்று தடவை பாதியில் நின்றது. நான்காம் தடவை பட்டியல் வந்தது, ஆனால் படம் திறக்கவில்லை. இரண்டு மணி பஸ்ஸை விட்டால் அவருக்கு வீடு போய்ச்சேர இருட்டிவிடும். வெறுங்கையோடு எழும்பிப் போனார். மாலை ஆறு மணிக்கு அந்தப் படம் திறந்தது. அவருடைய பெறாமகனின் போனுக்கு அனுப்பிவைத்தோம்.

நான் அந்த அலுவலகத்தின் சேர்வரை வாரத்தில் ஒரு நாள் போய்ப் பார்த்துக்கொள்பவன். மற்ற நாட்களில் பார்ப்பது அங்கு வேலைசெய்யும் ஒரு தம்பி. கெட்டிக்காரன், எதையும் தானே தேடிப் படிப்பவன். அன்று பின்னேரம் போன் எடுத்தான்.

“அண்ணை, மெமரி முழுக்க நிரம்பிப்போச்சு. 8 ஜிபியில 200 எம்பிதான் மிச்சம் காட்டுது. நான் பத்து நிமிசத்துக்கொருக்கா கிளீன் பண்ண ஒண்டு போட்டு வச்சிருக்கிறன். அதுவும் இல்லாட்டி இன்னும் மோசமா இருந்திருக்கும்.”

அந்த ‘ஒண்டு’தான் சேர்வரை முடக்கிக்கொண்டிருந்தது. தம்பியில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. அடுத்த நாள் போய்ப் பார்த்த பிறகு கோபம் பாதியாகக் குறைந்தது. அவன் பார்த்த இலக்கமும் அவன் திருகிய கைபிடியும் லினக்ஸ் கணினியில் ஒரே இடத்தில், ஒரே தோற்றத்தில் இருக்கின்றன. ஒன்று நடப்பதைச் சொல்வது, மற்றது நடப்பதை மாற்றுவது என்று எந்த முகப்பும் எச்சரிப்பதில்லை. ஆவணங்களைக் கணினியில் பாதுகாக்கும் சிறிய அலுவலகங்கள் இப்போது வடக்கு கிழக்கில் பெருகிவருகின்றன. பாடசாலை, சங்கம், கோவில், தேவாலயம் என்று எங்கும் யாரோ ஒரு தம்பியோ தங்கச்சியோ சேர்வரைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு அவர்களையே பேசுபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

வீட்டு முன்சுவரில் இருக்கும் மின்மானியை நினைத்துக்கொள்ளுங்கள். மானி வாசிப்பவர் மாதம் ஒருமுறை வருவார், இலக்கத்தைக் குறிப்பார், பட்டியலைத் தந்துவிட்டுப் போவார். வாசிப்பதால் வீட்டில் எந்த மின்குமிழும் அணைவதில்லை. பக்கத்திலேயே மெயின் சுவிட்ச் இருக்கிறது. அதில் கைவைத்தால் வீடே இருண்டுவிடும். இரண்டும் அடுத்தடுத்து இருந்தாலும் நாங்கள் குழம்புவதில்லை. மானி கண்ணாடிக்குள் முத்திரையிடப்பட்டிருக்கிறது, சுவிட்ச் கைக்கு எட்டுகிறது. தோற்றமே வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறது.

கணினியில் இந்த இரண்டையும் வைத்திருப்பது கேர்னல் எனப்படும் உட்கரு. நினைவகத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, டிஸ்க்கை யார் முதலில் வாசிப்பது, எந்த நிரல் எப்போது ஓடுவது என்று பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. எங்கள் கையிலுள்ள அன்ட்ரொயிட் போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கேர்னல்தான். இவ்வளவையும் பங்கிடும் ஒன்று, எவ்வளவு பங்கிட்டேன் என்று கணக்கும் சொல்லவேண்டும். எப்படிப் பங்கிடவேண்டும் என்று நாங்கள் சொல்வதைக் கேட்கவும் வேண்டும். முதலாவது புள்ளிவிபரம், இரண்டாவது கட்டுப்பாடு.

பழைய யுனிக்ஸ் கணினிகளில் புள்ளிவிபரத்துக்கென்று ஒழுங்கான வாசல் இருக்கவில்லை. எந்தெந்த நிரல்கள் ஓடுகின்றன என்று காட்டும் கருவிகள் கேர்னலின் நினைவகத்தையே நேரடியாகத் திறந்து, இன்ன கணக்கு இன்ன முகவரியில் இருக்கும் என்று தேடி எடுத்தன. வீட்டுக்காரர் எத்தனை பேர் என்று அறிய, கூரையைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்ப்பது போன்ற வேலை. கேர்னல் ஒரு பதிப்பு மாறினால் கருவி பிழையான இலக்கத்தைக் காட்டும். அதைவிட, கணக்குப் பார்க்க வந்த கருவிக்கு மற்றவர்களின் இரகசியங்கள் கிடக்கும் நினைவகத்தையும் வாசிக்க அனுமதி கொடுக்கவேண்டியிருந்தது.

1984 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டொம் கிலியன் இதற்கு ஓர் அழகான வழி கண்டார். யுனிக்ஸின் எட்டாம் பதிப்பில், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலையும் ஒரு கோப்பாகக் காட்டினார். அந்தக் கோப்புகள் இருந்த இடத்தின் பெயர் ‘புரொக்’. உண்மையில் டிஸ்க்கில் அப்படி எந்தக் கோப்பும் இல்லை. நீங்கள் திறக்கும்போது கேர்னல் அந்த நேரத்து நிலைமையைக் காட்டுகிறது. அதே ஆய்வுகூடத்தில் பின்னர் உருவான பிளான் 9 இயங்குதளம் இன்னும் ஒரு படி போனது. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கோப்புறை, அதற்குள் ‘ஸ்டேட்டஸ்’ என்றொரு கோப்பு, ‘கொன்ட்ரோல்’ என்பதன் சுருக்கத்தில் இன்னொரு கோப்பு. முதலாவதை வாசித்தால் நிலைமை தெரியும். இரண்டாவதில் ‘நிறுத்து’, ‘கொல்’ போன்ற சொற்களை எழுதினால் நிரல் நிற்கும், சாகும். கண்ணாடிக்குள் மானி, வெளியே சுவிட்ச். என்னைக் கேட்டால் இந்த விடயத்தில் இதைவிடத் தெளிவான வடிவமைப்பு இன்றுவரை வரவில்லை என்பேன். பிளான் 9 ஐ யாரும் வீட்டில் பாவிக்கவில்லை என்பது வேறு கதை.

லினக்ஸ் ‘புரொக்’ என்ற யோசனையை எடுத்துக்கொண்டது. ஆனால் காலப்போக்கில் அது வீட்டுப் பின்விறாந்தை மாதிரி ஆகிவிட்டது. எங்கே வைப்பதென்று தெரியாத எல்லாமே அங்கே வந்து சேர்ந்தன. நிரல்களின் விபரத்தோடு நினைவகக் கணக்கும் டிஸ்க் கணக்கும் அங்கே வந்தன. ‘புரொக்’குக்குள்ளேயே ‘சிஸ்’ என்றொரு கோப்புறையில் நூற்றுக்கணக்கான கைபிடிகளும் வந்தன. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பு ‘சிஸ்எஃப்எஸ்’ என்ற புதிய இடத்தைத் திறந்து, ஒரு கோப்புக்கு ஒரு பெறுமதி என்று ஒழுங்குக்குக் கொண்டுவரப் பார்த்தது. ஒழுங்கு வந்தது. ஆனாலும் அங்கும் மானியும் சுவிட்சும் ஒரே கோப்புறையில் அக்கம்பக்கமாகத்தான் இருக்கின்றன. சன் நிறுவனத்தின் சொலாரிஸ் இயங்குதளத்தில் ‘கேஸ்டட்’ என்று புள்ளிவிபரத்துக்கென்றே தனி ஏற்பாடு இருந்தது. அதைப் பழகியவர்கள் லினக்ஸுக்கு வரும்போது முதலில் முகம் சுளிப்பது இதனால்தான்.

இனி எங்கள் தம்பிக்கு நடந்தது.

அவன் பார்த்தது நினைவகக் கணக்கில் ‘ஃப்ரீ’ என்ற வரி. 8 ஜிபியில் 200 எம்பி சொச்சம். யார் பார்த்தாலும் பயப்படுவார்கள். ஆனால் கேர்னலின் பாஷையில் ‘ஃப்ரீ’ என்றால் ‘உனக்குக் கிடைக்கக்கூடியது’ என்று பொருள் இல்லை. ‘யாரும் எதற்கும் பாவிக்காமல் சும்மா கிடப்பது’ என்றுதான் பொருள். சும்மா கிடக்கும் நினைவகத்தால் யாருக்கும் பயனில்லை. ஆகவே டிஸ்க்கிலிருந்து ஒருமுறை வாசித்த கோப்புகளை கேர்னல் அந்த வெற்றிடத்தில் வைத்துக்கொள்கிறது. திரும்பக் கேட்டால் டிஸ்க்குக்குப் போகாமல் உடனே கொடுத்துவிடலாம். கச்சேரியில் நல்ல லிகிதர் ஒருவர், அடிக்கடி கேட்கப்படும் கோப்புகளை அலுமாரியில் திரும்ப வைக்காமல் மேசையிலேயே அடுக்கி வைத்திருப்பார். மேசை நிரம்பித்தான் இருக்கும். யாராவது புதுக்கோப்போடு வந்தால் பழையதொன்றை அலுமாரிக்கு அனுப்பிவிட்டு இடம் கொடுப்பார். மேசை நிரம்பியிருப்பது அவர் வேலை தெரிந்தவர் என்பதற்கு அடையாளம்.

இந்தக் குழப்பம் தம்பிக்கு மட்டும் வந்ததல்ல. உலகம் முழுவதும் நிர்வாகிகள் ‘ஃப்ரீ’யோடு ‘கேஷ்’ என்ற வரியைக் கூட்டி, இவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். கேஷுக்குள் விடுவிக்க முடியாத பகுதிகளும் இருப்பதால் அதுவும் பிழை. கடைசியில் 2014 இல் வெளிவந்த 3.14 பதிப்பில் ‘அவெய்லபிள்’ என்று புதிதாக ஒரு வரி சேர்க்கப்பட்டது. புதிய நிரலொன்றைத் தொடங்கினால் நெருக்கடி இல்லாமல் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேர்னலே மதிப்பிட்டுச் சொல்லும் வரி அது. அன்று எங்கள் சேர்வரில் அந்த வரி 5 ஜிபிக்கு மேலே காட்டிக்கொண்டிருந்தது. நினைவகத் தட்டுப்பாடு என்று ஒன்று அங்கே இருக்கவேயில்லை.

தம்பி ‘ஃப்ரீ’யை உயர்த்த வழி தேடினான். ‘ட்ரொப் கேஷஸ்’ என்ற கோப்பு கிடைத்தது. 2006 இல் 2.6.16 பதிப்போடு வந்த கைபிடி இது. அதில் 3 என்று எழுதினால், மேசையில் உள்ள கோப்புகளில் திருத்தம் எழுதப்படாதவை எல்லாம் ஒரேயடியாக அப்புறப்படுத்தப்படும். தரவு எதுவும் அழியாது. ஆனால் அடுத்து யார் எதைக் கேட்டாலும் லிகிதர் அலுமாரிக்கு ஓடவேண்டும். சோதனை செய்பவர்கள் ஒவ்வொரு தடவையும் வெறும் மேசையிலிருந்து தொடங்குவதற்காக வைக்கப்பட்ட கைபிடி அது. சோதனைக்கு வெளியே பாவிக்கவேண்டாம் என்று லினக்ஸின் கையேடே சொல்கிறது. இணையத்தில் இந்தக் கட்டளையைப் பகிர்பவர்கள் அந்த வரியைப் பகிர்வதில்லை.

தம்பி அதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும்படி வைத்துவிட்டான். ஒவ்வொரு முறையும் ‘ஃப்ரீ’ 200 எம்பியிலிருந்து 5 ஜிபிக்குத் துள்ளியது. இலக்கம் அழகாக இருந்தது. எங்களுடைய டிஸ்க்கோ பழைய, சுழலும் வகை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழுத் தேடல் சுட்டியையும் அதிலிருந்து மீண்டும் வாசிக்கவேண்டியிருந்தது. அந்த அம்மா வாங்கில் இருந்த ஐந்து மணித்தியாலத்தில் சேர்வர் முப்பது தடவை தன் மேசையைத் தானே வெறுமையாக்கிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இது தெரியவந்தது கேர்னலின் சொந்தக் குறிப்பேட்டிலிருந்து. யார் அந்தக் கைபிடியைத் திருகினாலும், திருகிய நிரலின் பெயரையும் இலக்கத்தையும் எழுதிய பெறுமதியையும் அது ஒரு வரியில் பதிந்துவைக்கிறது. பத்து நிமிட இடைவெளியில் பக்கம் பக்கமாக ஒரே வரி. வாசிப்பவர்களை கேர்னல் பதிவதில்லை. இந்தக் கைபிடியைத் தொட்டவர்களைப் பதிகிறது. எல்லாக் கைபிடிகளுக்கும் இந்த ஒழுங்கு இருந்திருக்கலாம் என்பது என் ஆசை.

இதே கோப்புக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. முன்பு அதை வாசிக்கவும் முடியும். கடைசியாக யாராவது 3 என்று எழுதியிருந்தால், வாசிப்பவருக்கும் 3 என்று காட்டும். அதைப் பார்த்தவர்கள், இந்தக் கணினியில் கேஷ் நிரந்தரமாக நிறுத்தப்பட்டிருக்கிறது போலும் என்று நினைத்தார்கள். ஒருமுறை கொடுத்து முடிந்துபோன கட்டளை, இன்னும் தொடரும் நிலைமைபோல் தோற்றம் காட்டியது. பெரிய நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளைப் பராமரித்தவர்களே குழம்பியதால், 2020 தொடக்கத்தில் வந்த 5.5 பதிப்பிலிருந்து அதை எழுதமட்டும் முடியும், வாசிக்க முடியாது என்று மாற்றினார்கள். கேர்னலை எழுதுபவர்களும் எங்கள் தம்பி நின்ற இடத்தில்தான் ஒரு காலம் நின்றிருக்கிறார்கள்.

தம்பி வேறொன்றையும் செய்திருந்தான். ‘ஸ்வொப்பினஸ்’ என்ற கோப்பில் 60 என்று இருந்ததைப் பார்த்து, 60 வீதம் டிஸ்க்குக்குப் போய்விட்டது என்று நினைத்து 0 ஆக்கியிருந்தான். 60 என்பது தொடக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கும் ஒரு விருப்பு நிலை. நெருக்கடி வந்தால் எதை முதலில் வெளியேற்றுவது என்ற சார்பைச் சொல்வது. எதையும் அளந்து சொல்வதல்ல. முதலில் மானியை சுவிட்ச் என்று நினைத்தான், பிறகு சுவிட்சை மானி என்று வாசித்தான். இரண்டுமே வெறும் இலக்கங்கள் உள்ள கோப்புகள். எப்படித்தான் அவன் பிரித்தறிவது?

அப்படியானால் சேர்வர் ஏன் முதன்முதலில் மெதுவானது? தம்பி கைவைக்கமுன்னரே காலையில் ஒரு மணித்தியாலம் மந்தமாகத்தான் இருந்தது. அவன் தேடத் தொடங்கியதே அதனால்தான். இங்குதான் நல்ல புள்ளிவிபரத்தின் அருமை புரிந்தது.

வழமையாக நாங்கள் பார்ப்பது ‘லோட் அவரேஜ்’ என்ற இலக்கத்தை. அன்று காலை அது 9 காட்டியது. புரொசசரோ பெரும்பகுதி சும்மா இருந்தது. லினக்ஸில் 1993 இலிருந்தே இந்த இலக்கத்துக்குள், புரொசசருக்காகக் காத்திருப்பவர்களோடு டிஸ்க்குக்காக அசையமுடியாமல் காத்திருப்பவர்களும் எண்ணப்படுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு, எந்த வைத்தியருக்காக நிற்கிறார்கள் என்று சொல்லாமல் விடுவது போல. 9 என்ற இலக்கம் பயத்தைத் தரும், வழியைக் காட்டாது.

2018 டிசம்பரில் வந்த 4.20 பதிப்பில் ‘பிறஷர்’ என்ற கோப்புறை வந்தது. முகநூல் நிறுவனத்தில் வேலைசெய்த ஜொஹான்னஸ் வைனர் எழுதியது. மேலே சொன்ன ‘ட்ரொப் கேஷஸ்’ திருத்தத்தைச் செய்தவரும் அவரே. புரொசசர், நினைவகம், டிஸ்க் மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை அது கேட்பதில்லை, எவ்வளவு நேரம் வீணாகிறது என்பதைக் கேட்கிறது. ‘சம்’ என்ற வரி, ஒரு நிரலாவது காத்திருந்த நேரத்தின் வீதம். ‘ஃபுல்’ என்ற வரி, வேலையிருந்த எல்லா நிரல்களுமே ஒருசேர முடங்கிக் கிடந்த நேரத்தின் வீதம். கடந்த 10 செக்கன், 60 செக்கன், 300 செக்கன் என்று மூன்று சராசரிகள். நான் ‘கிளீன்’ பண்ணும் வரியை எடுத்துவிட்டு, மறுநாள் காலை இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நினைவகத்தில் இரண்டு வரியும் சுழி. டிஸ்க்கில் ‘சம்’ 70 ஐத் தாண்டியது.

காரணம் சிரிப்புக்கிடமானது. அலுவலகத்தில் மாலை பூட்டும்போது மெயின் சுவிட்சையே நிறுத்திவிட்டுப் போவார்கள். இரவில் ஓடவேண்டிய காப்புப்பிரதி ஓடாது. விடுபட்ட வேலையைக் கணினி தொடங்கியதும் செய்து முடிக்கும் நல்ல பழக்கம் லினக்ஸுக்கு உண்டு. ஆகவே காலை எட்டரைக்கு சேர்வரைப் போட்டதும், சனம் வந்து நிற்கும் அதே நேரத்தில், முழு ஆவணத் தொகுதியும் வெளி டிஸ்க்குக்குப் பிரதியாகத் தொடங்கும். உண்மையான பிழை கேர்னலிலும் இல்லை, நினைவகத்திலும் இல்லை.

புள்ளிவிபரத்தில் கைவைக்கும் சோதனை இன்னொரு வகையிலும் வருகிறது. உச்சப் பாவனை எவ்வளவு என்று காட்டும் கணக்கொன்று இருந்தால், அதைச் சுழியாக்கிவிட்டு மீண்டும் அளக்கலாமே என்று தோன்றும். நிரல்களைக் குழுக்களாகப் பிரித்து நினைவகம் ஒதுக்கும் ‘சிகுரூப்’ ஏற்பாட்டின் முதற்பதிப்பில் அப்படித்தான் இருந்தது. எழுத அனுமதியுள்ள எவரும் உச்சக் கணக்கை அழிக்கலாம். பக்கத்தில் இன்னொருவர் அதே கணக்கை ஒரு கிழமையாகக் கவனித்துக்கொண்டிருந்தால் அவருடைய கிழமை போய்விடும். மானி வாசிப்பவர் ஒவ்வொரு மாதமும் மானியைச் சுழியாக்கிவிட்டுப் போவதில்லை. போன மாத இலக்கத்தைக் கழித்துக்கொள்கிறார். அதனால்தான் அவருக்குப் பிறகு வருபவரும் அதே மானியை நம்பலாம். இரண்டாம் பதிப்பில் உச்சக் கணக்கு வாசிக்கமட்டும் என்று வந்தது. 2024 இல் 6.12 பதிப்பில் அழிக்கவும் அனுமதித்தார்கள், ஆனால் ஒரு நுட்பத்தோடு: அழித்தவர் தான் திறந்து வைத்திருக்கும் பிரதியில் மட்டும்தான் புதுக்கணக்கைப் பார்ப்பார். மற்றவர்களின் கணக்கு அப்படியே இருக்கும். யோசித்துச் செய்த வேலை.

அதே இரண்டாம் பதிப்பில் பெயர்களும் தெளிவாயின. நினைவகத்தின் இப்போதைய பாவனை ‘கரன்ட்’, வாசிக்கமட்டும். மேல் எல்லை ‘மக்ஸ்’, எழுதலாம். பிளான் 9 இன் யோசனை முப்பது வருடம் சுற்றி வீடு வந்து சேர்ந்தது என்று நான் இதை எண்ணிக்கொள்வதுண்டு.

இதுவரை எழுதியதை வாசித்தால், வாசிக்கும் வாசலை எல்லோருக்கும் திறந்துவிடலாம், எழுதும் வாசலைமட்டும் பூட்டினால் போதும் என்று தோன்றும். நானும் நீண்டகாலம் அப்படித்தான் நினைத்தேன்.

இன்டெல் புரொசசர்களில் எவ்வளவு சக்தி செலவாகிறது என்று காட்டும் ஒரு கணக்கு உண்டு. வெறும் மின்மானி. லினக்ஸ் அதை எல்லாப் பாவனையாளர்களும் வாசிக்க விட்டிருந்தது. 2020 நவம்பரில் ஒஸ்ரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் ‘பிளாட்டிபஸ்’ என்ற பெயரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த மானியை அடுத்தடுத்து வாசித்து, சக்திச் செலவின் சின்னச்சின்ன ஏற்ற இறக்கங்களிலிருந்து, அதே கணினியில் ஓடும் வேறொரு நிரலின் இரகசியக் குறியாக்கச் சாவியையே பிரித்தெடுக்கலாம் என்று காட்டினார்கள். எந்தச் சுவிட்சையும் அவர்கள் தொடவில்லை. அதன் பிறகு அந்தக் கோப்பை நிர்வாகி மட்டுமே வாசிக்கலாம் என்று லினக்ஸ் மாற்றியது.

எங்களுக்கு இதை அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வீட்டில் உள்ளவர்களின் விபரத்தைக் குடும்பப் படத்தோடு பதிந்து, பிரதியை வீட்டில் வைத்திருக்கச் சொன்ன காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெறும் கணக்கெடுப்பு என்றுதான் சொன்னார்கள். இரவுச் சுற்றிவளைப்பில் பட்டியலையும் பாயில் படுத்திருந்தவர்களையும் ஒப்பிட்டு எண்ணியபோது அந்தக் கணக்கு என்னவாக மாறியது என்பது தெரிந்த கதை.

எங்கள் சேர்வரிலும் சிறிய அளவில் இது இருந்தது. லினக்ஸில் சாதாரணமாக, ஒரு பாவனையாளர் ஓட்டும் நிரல்களையும் அவற்றின் முழுக் கட்டளை வரியையும் அதே கணினியில் உள்ள மற்றவர்கள் ‘புரொக்’ ஊடாகப் பார்க்கலாம். கட்டளை வரியில் ஒருவரின் பெயரை இட்டுத் தேடினாலோ கடவுச்சொல்லை எழுதினாலோ அதுவும் தெரியக்கூடும். சாட்சியம் கொடுத்தவர்களின் பெயர்கள் உள்ள ஒரு கணினியில் இது சின்ன விடயமல்ல. 2012 இல் 3.3 பதிப்போடு இதை மறைக்க ஒரு தெரிவு வந்தது. அதை நான் போட்டிருக்கவேண்டும், பல வருடமாகப் போடவில்லை. தம்பியைப் பேசிய கையோடு போட்டேன்.

வாசிப்பதற்குச் செலவும் உண்டு. ஒரு நிரல் எந்தெந்த நினைவகப் பகுதியை எவ்வளவு பாவிக்கிறது என்ற விரிவான கோப்பைத் திறந்தால், கேர்னல் அந்த நிரலின் பக்கங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நடந்து எண்ணவேண்டும். செக்கனுக்கு ஒருமுறை எல்லா நிரல்களையும் இப்படி எண்ணும் கண்காணிப்புக் கருவியே சேர்வரை மெதுவாக்கிவிடும். 2017 இல் கூட்டுத்தொகையை மட்டும் கொடுக்கும் சுருக்கக் கோப்பு வந்ததற்கு இதுவே காரணம்.

இன்னொன்று: ஒரு கணக்கை ஒருமுறை வெளியே காட்டிவிட்டால் பிறகு திரும்பப் பெறுவது கடினம். புரொசசர் விபரத்தில் ‘போகோமிப்ஸ்’ என்றொரு வரி உண்டு. பெயரிலேயே ‘போலி’ என்று இருக்கிறது. கணினி தொடங்கும்போது போடும் ஒரு குத்துமதிப்பு, வேகத்தின் அளவுகோல் அல்ல. 2013 இல், இதனால் யாருக்கும் பயனில்லை என்று ஏஆர்எம் வகைக் கணினிகளில் எடுத்துவிட்டார்கள். அதை வாசித்துக்கொண்டிருந்த நிரல்கள் உடைந்தன. 2015 தொடக்கத்தில் திரும்ப வைத்தார்கள். பாவனையாளரின் நிரலை உடைக்கக்கூடாது என்பது லினக்ஸின் சட்டம். அதன்படி ஒரு போலிக் கணக்கும் வாக்குறுதியாகிவிட்டது. கேர்னலை எழுதுபவர்கள் ஒரு புதிய புள்ளிவிபரத்தைச் சேர்க்க மாதக்கணக்கில் வாதாடுவதைப் பார்த்து முன்பு சலித்துக்கொள்வேன். இப்போது இல்லை.

எங்கள் அலுவலகத்தில் மாற்றியவை கொஞ்சம்தான். காப்புப்பிரதியைப் பின்னேரம் மூன்றரைக்கு, சனம் குறைந்த பிறகு ஓடும்படி வைத்தேன். ஸ்வொப்பினஸை மீண்டும் 60 ஆக்கினேன். தம்பிக்கு இருந்த நிர்வாகிக் கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டேன். அவன் முகம் வாடியது. பதிலுக்கு, ‘பிறஷர்’ கோப்புகளையும் ‘அவெய்லபிள்’ வரியையும் அலுவலகத் திரையின் மூலையில் எப்போதும் காட்டும் சிறு நிரலொன்றை அவனையே எழுதவைத்தேன். அது சாதாரணப் பாவனையாளராக ஓடுகிறது, எதையும் எழுத அதற்கு அனுமதி இல்லை. ‘ஃப்ரீ’ வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். எதையாவது மாற்றவேண்டுமென்று பட்டால் முதலில் எனக்குப் போன் எடுக்கவேண்டும், இருவரும் சேர்ந்து கொப்பியில் திகதியோடு எழுதிவிட்டுத்தான் மாற்றவேண்டும் என்பது ஒப்பந்தம். கொப்பியில் இதுவரை நான்கு வரிகள். அதில் ஒன்று நான் செய்த பிழை, அவன் கண்டுபிடித்தது.

போன கிழமை காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. வாங்கு நிறையச் சனம் என்றான். நான் பதறிப்போய் என்ன பிரச்சினை என்று கேட்டேன்.

“பிரச்சினை ஒண்டுமில்லை அண்ணை. டிஸ்க் சம் நாலு, ஃபுல் ஒண்டுக்குக் கீழ. சும்மா சொல்லுவமெண்டு எடுத்தனான்.”